கோலாலம்பூருக்குப் படிக்க வருகிறவர்களுக்கு: நினைப்பும் நிலவரமும்

சென்னையிலிருந்து நாலு மணி நேரப் பயணம், பக்கத்து ஊர் மாதிரிதான். எங்கே போனாலும் தமிழ் பேசலாம். பகுதி நேர வேலை பார்த்துச் செலவைச் சமாளித்துவிடலாம். மலேசியாவுக்குப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த மூன்று நம்பிக்கைகளோடுதான் விமானம் ஏறுகிறார்கள். முதலாவது சரி. இரண்டாவது பாதி சரி. மூன்றாவது முழுக்கத் தவறு. பிள்ளைகளைப் பெரிய சிக்கலில் மாட்டிவிடுவது அதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள். கீழே எல்லாக் கணக்கும் வெள்ளியில்தான். ஒரு வெள்ளி இந்திய ரூபாயில் 20க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஏறும், இறங்கும்.

வேலை பார்த்துப் படிக்க முடியுமா?

மாணவர் பாஸில், அதாவது படிப்பதற்காகத் தங்கும் அனுமதியில், இருப்பவர் வாரத்துக்கு 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம் என்று ஏஜென்டுகள் சொல்வார்கள். அது விதியின் பாதி. மீதிப் பாதி இது: பருவ விடுமுறையிலோ, 7 நாளுக்கு மேற்பட்ட விடுமுறையிலோ மட்டும்தான் அந்த அனுமதி. வகுப்பு நடக்கும் வாரங்களில் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. விடுமுறையிலும் நினைத்த இடத்தில் சேர முடியாது. உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு பலசரக்குக் கடை, ஹோட்டல் என்று இடங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. காசாளராக உட்காரக் கூடாது. வேலையில் சேருமுன் கல்லூரி வழியாகக் குடிநுழைவுத் துறையிடம் (இமிகிரேஷன்) அனுமதி வாங்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 9 வெள்ளி, வாரம் 20 மணி நேரம் என்றால் 180 வெள்ளி. ஆண்டில் 14 வாரம் விடுமுறை, அத்தனை வாரமும் வேலை கிடைத்தது என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 2,520 வெள்ளி. கோலாலம்பூரில் ஒரு மாதம் தங்கிச் சாப்பிடுவதற்குத்தான் அது காணும். படிப்புக் கட்டணத்துக்கு ஒரு சல்லிக்காசும் மிஞ்சாது.

பணம் போதாமல் உணவகத்தில் கள்ளத்தனமாகச் சேர்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும்? குடிநுழைவுத் துறையின் சோதனையில் பிடிபட்டால் தடுப்பு முகாம், பாஸ் ரத்து, நாடு கடத்தல், மறுபடி நுழையத் தடை. முதலாளி சம்பளத்தைப் பிடித்துவைத்தாலும் துணிந்து புகார் கொடுக்க முடியாது. 'ஸ்டூடென்ட் விசாவில் போனால் வேலையும் பார்க்கலாம், பிறகு பெர்மிட் மாற்றித் தருகிறோம்' என்று ஊரில் யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அவர்கள் விற்பது படிப்பே அல்ல.

முதல் ஆண்டுக் கட்டணமும் 12 மாதச் செலவும் கையில், மீதி ஆண்டுகளுக்கு எங்கிருந்து வரும் என்பது எழுத்தில். இந்த இரண்டும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

மாதச் செலவு

தனி அறை 800, மின்சாரம், தண்ணீர், வைஃபை பங்கு 100, மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் நாளுக்கு 30 வீதம் 900, போக்குவரத்து 150, கைப்பேசி 40, மருந்து, நகல், சோப்பு, சில்லறை என்று 200. கூட்டினால் 2,190. வீட்டில் சமைத்தால் சாப்பாடு 500க்குள் அடங்கும், மொத்தம் 1,800க்கு இறங்கும். இரண்டு பேர் ஓர் அறையைப் பகிர்ந்தால் இன்னும் குறையும். நகரத்துக்கு வெளியே அறை வாடகை குறைவு, ஆனால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை கிராப் செயலியில் பிடிக்கும் வாடகைக் காருக்குக் கொடுப்பீர்கள்.

எந்த ஊர், எந்தப் பட்டம்

விளம்பரத்தில் இரட்டைக் கோபுரம் இருக்கும், கல்லூரி அங்கே இருக்காது. மலாயாப் பல்கலைக்கழகமும் புக்கிட் ஜாலிலில் உள்ள ஏபியுவும் சிராஸில் உள்ள யுசிஎஸ்ஐயும் கோலாலம்பூருக்குள் இருக்கின்றன. சன்வே, மோனாஷ் இரண்டும் பண்டார் சன்வேயில், டெய்லர்ஸ் சுபாங் ஜெயாவில். மல்டிமீடியா பல்கலைக்கழகம் சைபர்ஜெயாவில், யுபிஎம் செர்டாங்கில், யுகேஎம் பாங்கியில், நாட்டிங்காம் செமினியில். இவை சிலாங்கூர் மாநிலம். செமினிக்கு ரயிலே கிடையாது. காஜாங்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தோ கிராப்போ பிடிக்க வேண்டும். 'கேஎல்லில் படிக்கிறான்' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கோயிலுக்கோ தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்கோ போய்வர அரை நாள் ஆகும் என்பது தெரிந்து வாருங்கள்.

சேருமுன் இரண்டு சோதனைகள். மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் பொதுப் பதிவேட்டில் கல்லூரியின் பெயர் மட்டுமல்ல, நீங்கள் சேரும் அதே படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். ஒரே கல்லூரியில் ஒரு படிப்பு அங்கீகாரம் பெற்றிருக்கும், இன்னொன்று பெற்றிருக்காது. அடுத்தது, ஊர் திரும்பினால் அந்தப் பட்டம் செல்லுமா என்பது. இந்தியாவில் அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ சமநிலைச் சான்று கேட்பார்கள். மருத்துவம் என்றால் நீட் தேர்ச்சி, குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள் தனியாக இருக்கின்றன. இதைச் சேர்ந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

பாஸ் வாங்கும் வழி

விண்ணப்பத்தைக் கல்லூரிதான், வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கையாளும் இஎம்ஜிஎஸ் என்ற நிறுவனம் வழியாகச் செலுத்தும், நீங்கள் நேரடியாகச் செலுத்த முடியாது. விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்பதை இஎம்ஜிஎஸ் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுச் சதவீதமாகப் பார்க்கலாம். சதவீதம் வாரக்கணக்கில் நகராமல் நின்றால், பெரும்பாலும் ஏதோ ஓர் ஆவணம் திரும்பியிருக்கும். பாஸ்போர்ட் பக்கங்கள் மங்கலாக ஸ்கேன் ஆனது, சான்றிதழில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயரும் இருப்பது, புகைப்படத்தின் பின்னணி தவறானது என்று சிறு காரணங்கள்தான்.

பெயர்ச் சிக்கலில் தமிழர்களுக்குப் பங்கு அதிகம். மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழியை முன்கூட்டியே எடுத்துவைத்தால் ஒரு மாதம் மிச்சம்.

ஒப்புதல் கடிதம் வராமல் டிக்கெட் போடாதீர்கள். இந்தியர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் வர முடிகிறது என்பதால், 'முதலில் டூரிஸ்டாக வந்துவிடு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்ற யோசனை பரவலாக ஓடுகிறது. அதைக் கேட்காதீர்கள். கடிதம் வந்த பிறகு ஒற்றை நுழைவு விசா தனியாக எடுக்க வேண்டுமா என்பதைக் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் எம்டிஏசி எனப்படும் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் போலி.

விமானத்தில் ஏறுமுன் இன்னொன்று. உங்கள் இந்திய சிம்மை அணைத்துவிடாதீர்கள். ஊர் வங்கியின் ஒவ்வொரு ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். கிளம்புமுன்பே ரோமிங்கைத் திறந்து, எண் உயிரோடு இருக்கும் அளவுக்கு நீண்ட நாள் ரீசார்ஜ் செய்துவிடுங்கள். இதை மறந்தவர்கள் கணக்கில் பணம் இருந்தும் எடுக்க வழியில்லாமல் நிற்பார்கள்.

முதல் இரண்டு வாரம்

பல கல்லூரிகள் விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பும், விமான விவரத்தை முன்கூட்டியே கொடுங்கள். தனியாக வந்தால், கேஎல்ஐஏ விமான நிலையத்திலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ் ரயில் 55 வெள்ளி, அரை மணி நேரம். பேருந்து அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு பெரிய பெட்டியோடு இரண்டு பேர் வந்தால் கிராப் பிடிப்பதே நல்லது.

இறங்கிய 7 வேலை நாளுக்குள் இஎம்ஜிஎஸ் அங்கீகரித்த கிளினிக்கில் மருத்துவப் பரிசோதனை முடிய வேண்டும். அது தள்ளினால் பாஸும் தள்ளும், பாஸ் தள்ளினால் வங்கிக் கணக்கும் தள்ளும். பாஸ் வேலைக்காகப் பாஸ்போர்ட்டைக் கல்லூரியில் கொடுக்க வேண்டி வந்தால், அது தங்களிடம் இருக்கிறது என்ற கடிதத்தைக் கையோடு வாங்குங்கள். சாலையில் போலீஸோ குடிநுழைவு அதிகாரியோ நிறுத்தினால் அந்தக் கடிதம், மாணவர் அட்டை, பாஸ்போர்ட் நகல் மூன்றும் வேண்டும்.

வங்கிக் கணக்குக்குக் கல்லூரிக் கடிதமும் செல்லுபடியாகும் பாஸும் கேட்பார்கள். ஆகவே முதல் ஒன்றிரண்டு மாதம் உள்ளூர்க் கணக்கு இல்லாமல் இருப்பீர்கள் என்று திட்டமிடுங்கள். ஒரு ஃபாரெக்ஸ் கார்டு, கொஞ்சம் ரொக்கம், பாஸ்போர்ட்டை வைத்துப் பதிவு செய்யக்கூடிய டச் அண்ட் கோ இ-வாலட், இவை போதும். டச் அண்ட் கோ அட்டை வேறு, இ-வாலட் வேறு. ரயிலுக்கும் பேருந்துக்கும் அட்டையில் காசு ஏற்ற வேண்டும். மாதம் 50 வெள்ளிக்கு வரம்பில்லாப் பயணம் என்று விளம்பரம் பார்ப்பீர்கள். அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்.

பிளக் விஷயம் சின்னதுதான், முதல் இரவே தொந்தரவு தரும். இங்கே சதுர முனை மூன்று பின் சாக்கெட். ஊர் சார்ஜர் நுழையாது, அடாப்டர் இரண்டு கொண்டு வாருங்கள். கறிவேப்பிலை, பச்சைக் காய், விதை, இறைச்சி, பால் பொருள் எதையும் பெட்டியில் போடாதீர்கள், அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் பிடுங்கிவிடுவார்கள். அரிசி, பருப்பு, புளி, சாம்பார் பொடி எல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் கிடைக்கும். பத்துக் கிலோ மளிகைக்குக் கொடுக்கும் இடத்தை வழக்கமாகச் சாப்பிடும் மருந்துக்கும் டாக்டர் சீட்டுக்கும் கொடுங்கள்.

அறை பிடிப்பது

ஏமாற்றம் அதிகம் உள்ள இடம் இதுதான். ஆகவே விரிவாகச் சொல்கிறோம்.

வாடகை 800 என்றால் கையில் 800 இருந்தால் போதும் என்று வருகிறார்கள். இங்கே வழக்கம் இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத டெபாசிட், முதல் மாத வாடகை முன்பணம். அதாவது 1,600, 400, 800, ஆக 2,800 வெள்ளி. கதவு அட்டைக்குத் தனி டெபாசிட். அறை மட்டும் எடுப்பவர்களிடம் சிலர் ஒரு மாத டெபாசிட்டோடு விட்டுவிடுவார்கள், கேட்டுப் பார்க்கலாம். மாஸ்டர் ரூம் என்றால் குளியலறை உள்ளேயே இருக்கும். மீடியம் ரூமில் பொதுக் குளியலறை. சின்ன அறை சமையலறையை ஒட்டியோ ஜன்னல் இல்லாமலோ இருக்கலாம். படத்தில் ஜன்னல் தெரியவில்லை என்றால் ஜன்னல் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நிலவரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறை விளம்பரங்களில் இன்ன இனத்தவருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே போடுவார்கள். போடாதவர்களும் போனில் பெயரைக் கேட்டதும் 'அறை போய்விட்டது' என்பார்கள். இந்தியர் என்பதால் மறுக்கப்படுவது இங்கே பிறந்து வளர்ந்த தமிழருக்கே நடக்கிறது. உங்கள் மேல் குறையில்லை. முதல் செய்தியிலேயே 'நான் இந்திய மாணவன், சமைப்பேன், சம்மதமா?' என்று கேட்டுவிட்டால், ஒரு மணி நேரம் பயணம் செய்து வாசலில் அவமானப்படுவது தப்பும். கல்லூரியின் தமிழ்ப் பேரவை, இந்து மன்றம் போன்ற மாணவர் அமைப்புகளிடம் கேளுங்கள். படிப்பு முடித்துக் கிளம்பும் சீனியர்களின் அறைகள் அங்கேதான் கைமாறும். முதல் பருவத்துக்குக் கல்லூரி விடுதியையே எடுத்துவிட்டு, இங்கே வந்து நேரில் பார்த்து வெளியே மாறுவது எங்கள் கணிப்பில் எல்லாவற்றிலும் நல்ல வழி. ஊரிலிருந்தபடியே படத்தைப் பார்த்து டெபாசிட் அனுப்பாதீர்கள், அப்படிப் போன பணம் திரும்புவதில்லை.

அறையைப் பார்க்கப் போகும்போது நிலையத்திலிருந்து நடந்து போங்கள். வரைபடத்தில் 600 மீட்டர் என்று காட்டும், நடுவில் ஆறு தடச் சாலை ஓடும், நடைபாலம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இந்த நகரம் காருக்காகக் கட்டப்பட்டது. பகலில் ஒருமுறை, இரவு 9 மணிக்கு மேல் ஒருமுறை நடந்து பாருங்கள், பெண் பிள்ளைகள் கட்டாயம். ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். நகர ரயில்களான எல்ஆர்டி, எம்ஆர்டி நிமிடக் கணக்கில் வரும். புறநகர் ரயிலான கேடிஎம் கொமுட்டரை ஒன்று தவறவிட்டால் அரை மணி நேரம்வரை காத்திருக்க வேண்டும்.

ஏசிக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு குதிரைத்திறன் ஏசி இரவில் 8 மணி நேரம் ஓடினால் சுமார் 5 யூனிட். மாதம் 150 யூனிட். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 60 சென் (0.60 வெள்ளி) போட்டால் 90 வெள்ளி கூடுதல். ஒப்பந்தத்தில் முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். அறைக்குள் நுழையும் நாளில் சுவர்க் கறை, மெத்தை, குழாய், ஏசி ஒழுகல் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வெளியேறும்போது டெபாசிட்டைப் பிடித்துக்கொள்ள முடியாதபடி காப்பது தேதியோடு நிற்கும் அந்தப் படங்கள்தான்.

சாப்பாடும் பேச்சும்

தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில், பரோட்டா போன்ற ரொட்டி சானாய் இரண்டு வெள்ளிக்குள், தே தாரிக் என்ற ஆற்றிய தேநீர் இரண்டு வெள்ளிக்குச் சற்று மேல். வாழையிலைச் சாப்பாடு 12 வெள்ளிக்கு மேல். தேநீரில் சர்க்கரைப் பால் ஊற்றுவார்கள், இனிப்பு குறையக் 'குராங் மானிஸ்' என்று சொல்லுங்கள். பார்சலுக்குத் 'தாப்பாவ்' என்றால் எந்தக் கடையிலும் புரியும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். காய்கறி என்று தட்டில் வருவதில் காய்ந்த இறால் இருக்கும். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பாலில் பெலாச்சான் என்ற இறால் விழுதும் நெத்திலியும் சேரும். ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்பில் மீன் குழம்பைக் கலப்பார்கள். 'தக் மாவ் ஈக்கான், தக் மாவ் ஊடாங்' என்று மீனும் இறாலும் வேண்டாம் எனச் சொல்லி, பருப்பு மட்டும் தனியாகக் கேளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் சைவ உணவகங்களிலும் சீனர்களின் சைவக் கடைகளிலும் இந்தக் கவலை இல்லை, ஆனால் சீனச் சைவத்தில் முட்டை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சு விஷயத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழ் போதும். பண்டார் சன்வேயில் போதாது. வகுப்பு ஆங்கிலத்தில், கவுன்டர் மலாயில். தனியார் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு மலாய்த் தொடர்புப் பாடம் கட்டாயம். அதைச் சுமையாக நினைத்துக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். முதல் பருவத்திலேயே எடுத்தால் பேருந்து, கிளினிக், வீட்டுக்காரர் எல்லாமே எளிதாகும்.

கடையில் தமிழரை அண்ணே, அக்கா என்றும், மலாய்க்காரரை அபாங், காக் என்றும் கூப்பிடுங்கள். இங்குள்ள தமிழரிடம் 'நீங்கள் இந்தியாவில் எந்த ஊர்?' என்று ஆரம்பிக்காதீர்கள். மூன்றாம், நாலாம் தலைமுறையாக இது அவர்கள் நாடு. 'தைப்பூசத்துக்கு பத்துமலை போவீர்களா?' என்று கேட்டால் பேச்சு தானாக நீளும். தைப்பூசம் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் பொது விடுமுறை. தீபாவளிக்கு ஒரு நாள்தான், மறுநாள் வகுப்பு இருக்கும். பொங்கலுக்கு விடுமுறை கிடையாது.

பாஸைக் காப்பாற்றிக்கொள்வது

மாணவர் பாஸைப் புதுப்பிக்க 80 சதவீத வருகையும் 4க்கு 2.0 சராசரிப் புள்ளியும் பார்ப்பார்கள். ஒரு பாடம் 14 வாரம், வாரம் இரண்டு வகுப்பு என்றால் மொத்தம் 28. அதில் 5 வகுப்புக்கு மேல் விட முடியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒன்றரை வாரம் தங்கினால் மூன்று போச்சு, காய்ச்சலில் இரண்டு போனால் கணக்கு முடிந்தது. காய்ச்சல் என்றால் கிளினிக் சான்றிதழை அன்றைக்கே துறை அலுவலகத்தில் கொடுங்கள். கட்டாய மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுக்கும்போதுதான் கைகொடுக்கும். சாதாரணக் காய்ச்சலுக்கு 50 முதல் 100 வெள்ளி கையிலிருந்து போகலாம்.

ஊரில் ஆண்டுக் கடைசியில் விழுந்து விழுந்து படித்துத் தேறியவர்களுக்கு இங்கே முதல் பருவம் அடி கொடுக்கும். மதிப்பெண்ணில் பெரும் பகுதி ஒப்படைப்பு, குழு வேலை, வகுப்பின் முன் நின்று விளக்கும் படைப்புரை என்று வாராவாரம் போய்விடுகிறது. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் 'டர்னிட்டின்' என்ற மென்பொருள் காட்டிக் கொடுக்கும். மேற்கோள் காட்டும் முறையை நூலகங்கள் பருவத் தொடக்கத்தில் இலவசமாகச் சொல்லித் தருகின்றன, அந்த வகுப்புக்குப் போங்கள்.

பாஸ் ஒரு குறிப்பிட்ட கல்லூரிக்கு மட்டுமே. கல்லூரி மாறினால் பழைய கல்லூரியின் விடுவிப்புக் கடிதம், புது விண்ணப்பம், புதுக் கட்டணம் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. படிப்பு முடிந்ததும் தங்கி வேலை தேடும் உரிமை தானாக வந்துவிடாது. நிறுவனம் வேலைவாய்ப்பு பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குச் சம்பள வரம்பு உண்டு. ஆகவே கடைசி ஆண்டிலேயே, பாஸ் கையில் இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள்.

புதுப்பிக்கும் வேலையைப் பாஸ் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். முந்தைய பருவத்தின் தேர்வு முடிவும் வருகைப் பதிவும் கேட்பார்கள், பாஸ்போர்ட்டில் போதிய காலம் மீதி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். முடியப்போகிற பாஸ்போர்ட் என்றால் அதற்கும் முன்பே இந்தியத் தூதரகம் வழியாக அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பு நடக்கும் வாரங்களில் பாஸ்போர்ட் உங்கள் கையில் இல்லாமல் போகலாம். அக்கா கல்யாணம், தாத்தா எண்பதாம் கல்யாணம் என்று ஊரில் தேதி குறிக்கும்போதே பாஸ் முடியும் தேதியையும் வீட்டில் சொல்லிவிட்டு, சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்ட பிறகு டிக்கெட் போடுங்கள்.